அசுர ஆசை: அறுப்பதா, வேலியிடுவதா, மாற்றுவதா?

தன் உள்ளத்தில் எழுகிற ஒரு விருப்பத்தைக் கண்டு தானே அஞ்சுகிற நிலை, பக்தி நெறியில் நடப்பவருக்கு ஒருநாள் வந்தே தீரும். பூசையும் நாமமும் ஒருபுறம் நடந்துகொண்டிருக்க, பிறருக்குக் கிடைத்த மதிப்பு தனக்கு வேண்டும் என்றோ, தன்னை மறுத்தவர் கெட்டழிய வேண்டும் என்றோ, விலக விரும்புபவரை விலகவிடாமல் பிடித்துவைக்க வேண்டும் என்றோ உள்ளே ஒன்று எரிகிறது. அதை என்ன செய்வது? நம் மரபு இதற்கு ஒரே விடையைத் தரவில்லை. வேரோடு அறுத்துவிடு என்று ஒரு குரல் சொல்கிறது. நுகர்ந்து சலித்தால் தானே அடங்கும் என்று நம்பிப் பார்த்தவனின் கதையும் இருக்கிறது. அறத்தின் வேலிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி இருக்கிறது. இறைவன்பால் திருப்பிவிடு என்று மற்றொரு வழியும் இருக்கிறது. இவற்றுள் எதைத் தேர்வது என்று முடிவு செய்வதற்கு முன், அசுர ஆசை என்று நம் முன்னோர் எதைச் சொன்னார்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நோய் எதுவென்று அறியாமல் மருந்துகளை ஒப்பிட முடியாது.

அசுர ஆசை என்றதும் அளவு மிஞ்சிய ஆசை என்றோ, உடலின்பத்தைப் பற்றிய ஆசை என்றோ பொருள்கொள்வது எளிது. பகவத்கீதையின் 16ஆம் அத்தியாயத்தை நிதானமாகப் படித்தால் அந்த விளக்கம் போதாது என்று தெரியும். தெய்வ இயல்பையும் அசுர இயல்பையும் பிரித்துக் காட்டும் அந்த அத்தியாயத்தின் 24 சுலோகங்களுள் 13 முதல் 15 வரை உள்ளவை, அசுர மனத்தின் பேச்சை அதன் வாய்மொழியாகவே கேட்கச் செய்கின்றன: இன்று இதை அடைந்தேன், இனி அதை அடைவேன், இந்தச் செல்வம் என்னுடையது, அதுவும் எனதாகும், இந்தப் பகைவனைக் கொன்றேன், மற்றவர்களையும் கொல்வேன், நானே தலைவன், நானே நுகர்பவன், எனக்கு நிகர் யார்? அதே பேச்சு, ‘வேள்வி செய்வேன், கொடுப்பேன், மகிழ்வேன்’ என்றும் தொடர்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேள்வியும் கொடையும் நல்வினைகள்தாம். ஆயினும் அவை இந்தப் பேச்சுக்குள் இடம்பெற்றிருக்கின்றன, ஏனெனில் எல்லா வினைக்கும் எழுவாய் ‘நான்’ என்ற ஒன்றே. பிறர் இந்தப் பேச்சில் இரண்டு விதமாக மட்டுமே வருகிறார்கள்: கொல்லப்பட வேண்டியவராக, அல்லது தனக்கு நிகராகாதவராக.

நிரம்பாமை அசுர ஆசையின் குணம் என்று கீதையே சொல்வது உண்மை. ஆனால் நிரம்பாமை அசுரருக்கு மட்டும் உரியதன்று. ‘ஆசைக்கோர் அளவில்லை அகிலமெல்லாம் கட்டி ஆளினும் கடல்மீதிலே ஆணைசெலவே நினைவர்’ என்று தாயுமானவர் பாடியது அரக்கர்களைக் குறித்தன்று, நம்மைப் போன்ற மனிதர்களைக் குறித்தே. அவாவை ‘ஆரா இயற்கை’ என்று குறள் சொல்லும்போதும் எல்லா உயிர்க்கும் பொதுவான ஒன்றைத்தான் சொல்கிறது. ஆகவே அளவின்மை என்ற ஒன்றைக் கொண்டே ஓர் ஆசையை அசுரம் என்று தீர்மானித்துவிட முடியாது. வேறு அடையாளம் வேண்டும்.

அந்த அடையாளத்தை உபநிடதங்கள் இரண்டு கதைகளில் தருகின்றன. சாந்தோக்கியத்தில் தேவர்களின் சார்பில் இந்திரனும் அசுரர்களின் சார்பில் விரோசனனும் ஆன்மாவை அறிய வேண்டிப் படைப்புக் கடவுளான பிரஜாபதியிடம் வந்து 32 ஆண்டுகள் மாணவராகத் தங்குகிறார்கள். நீர்க்கலத்தில் தெரியும் உருவத்தைப் பார்க்கச் சொல்லிப் பிரஜாபதி தொடங்கியபோது, அழகாக அணிசெய்துகொண்ட தன் உடலே ஆன்மா என்று விரோசனன் மனநிறைவோடு திரும்பிப் போய்விடுகிறான். இந்திரனோ பாதி வழியில் ஐயுற்று மீண்டும் வந்து, மொத்தம் 101 ஆண்டுகள் காத்திருந்து உண்மையைப் பெறுகிறான். தன் பிம்பத்தைக் கண்டு நிறைவடைந்து, இந்தத் தன்னையே போற்ற வேண்டும், இந்தத் தன்னுக்கே தொண்டு செய்ய வேண்டும் என்று விரோசனன் தன் இனத்துக்குப் போதித்ததை ‘அசுரர்களின் உபநிடதம்’ என்றே அந்த நூல் குறிக்கிறது. அசுர ஆசையின் வேர் இங்கே இருக்கிறது. தன்னைத் தவிர வேறொன்றையும் காணாத கண்ணிலிருந்து அது பிறக்கிறது.

பிருகதாரணியகத்தின் கதை இன்னும் கூர்மையானது. தேவர், மனிதர், அசுரர் ஆகிய மூவரும் பிரஜாபதியின் பிள்ளைகள். மூவரும் உபதேசம் கேட்க, மூவருக்கும் அவர் ‘த’ என்ற ஒரே எழுத்தைச் சொல்கிறார். புலன்களை அடக்குங்கள் என்று தேவர்கள் அதைப் புரிந்துகொள்கிறார்கள். கொடுங்கள் என்று மனிதர்கள் புரிந்துகொள்கிறார்கள். இரக்கம் காட்டுங்கள் என்று அசுரர்கள் புரிந்துகொள்கிறார்கள். மூவருக்கும் ‘சரியாகப் புரிந்துகொண்டீர்கள்’ என்றே மறுமொழி கிடைக்கிறது. இந்தப் பகுதிக்கு உரை எழுதிய சங்கரர், இந்தத் தேவரும் அசுரரும் மனிதருக்குள்ளேயே இருப்பவர்கள், மற்ற நற்குணங்கள் இருந்தும் அடக்கமில்லாதவர் தேவர், பேராசை மிகுந்தவர் மனிதர், பிறரைத் துன்புறுத்தும் கொடியவர் அசுரர் என்று கொள்ளலாம் என விளக்குகிறார். அசுரருக்கு உரிய மருந்தாகப் புலனடக்கம் சொல்லப்படவில்லை, இரக்கமே சொல்லப்பட்டது என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மருந்தைக் கொண்டு நோயை அறியலாம் என்றால், அசுரரின் குறை அடக்கமின்மையன்று, பிறர் வலியை உணராமையே.

இதைத் தமிழில் கம்பர் ஒரே பாட்டில் காட்டிவிட்டார். சூர்ப்பணகை வந்து சீதையின் அழகை வருணித்தபின் இராவணனின் நிலையைச் சொல்லும் பாட்டு அது: ‘கரனையும் மறந்தான், தங்கை மூக்கினைக் கடிந்து நின்றான் உரனையும் மறந்தான், உற்ற பழியையும் மறந்தான்’ என்று தொடர்ந்து, தான் பெற்ற வரத்தையும் மறந்தான், ‘கேட்ட நங்கையை மறந்திலாதான்’ என்று முடிகிறது. இறந்துகிடக்கும் கரன் அவனுக்குச் சுற்றம். மூக்கறுபட்டு எதிரே நிற்பவள் அவனுடைய தங்கை. அவர்கள் இருவரும் அவன் நெஞ்சிலிருந்து மறைந்துவிட்டார்கள். மறக்காத ஒருத்தியையாவது அவன் அறிந்திருந்தானா என்றால் அதுவும் இல்லை, அவளை அவன் இன்னும் பார்க்கவேயில்லை. அவன் இறந்தபின் மண்டோதரி அழும்போது, இராமனின் அம்பு அவன் உடலில் எள்ளிருக்கும் இடமும் விடாமல் துளைத்தது எதற்காக என்று கேட்டு, ‘கள்ளிருக்கும் மலர்க்கூந்தல் சானகியை மனச்சிறையில் கரந்த காதல் உள்ளிருக்கும்’ என்று எண்ணித் தேடித் தடவியதோ என்கிறாள். காதலைச் சொல்லும் இடத்தில் ‘மனச்சிறை’ என்ற சொல் விழுகிறது. அசோகவனத்தில் மட்டுமல்ல, அவன் நெஞ்சிலும் அவள் சிறைப்பட்டே இருந்தாள் என்பதை அவனை முற்றிலும் அறிந்த மனைவியின் வாயால் கேட்கிறோம்.

ஆகவே ஓர் ஆசையை அசுரமாக்குவது அதன் வேகமும் அன்று, அதன் பொருளும் அன்று. அந்த ஆசைக்குள் இன்னொருவருக்கு இடமில்லாமற் போவதே என்பது என் முடிவு. வழிகளை ஒப்பிடும்போது, இந்தக் குறையை எந்த வழி தீர்க்கிறது, எந்த வழி தீர்ப்பதுபோல் காட்டி மறைத்துவிடுகிறது என்பதையே அளவுகோலாகக் கொள்கிறேன்.

ஆசையை அறுக்கும் வழிக்குத் தமிழில் திருமூலரைவிட உரத்த குரல் இல்லை. ‘ஆசை அறுமின்கள் ஆசை அறுமின்கள் ஈசனோடாயினும் ஆசை அறுமின்கள்’ என்று அவர் மும்முறை சொல்கிறார், ஈசனையும் விட்டுவைக்காமல் சொல்கிறார். அவா என்பது எல்லா உயிர்க்கும் எக்காலத்தும் பிறப்பைத் தரும் வித்து என்று குறள் கூறும். கீதையும் காமம், சினம், பேராசை ஆகிய மூன்றையும் நரகத்தின் மூன்று வாயில்கள் என்று சொல்லி விடச் சொல்கிறது. இந்த வழியின் வலிமை அதன் நேர்மையில் இருக்கிறது. ஆசைக்கு அது எந்தப் பெயர் மாற்றமும் தருவதில்லை. தன்னை ஏமாற்றிக்கொள்ள இடம் கொடுப்பதில்லை. பிறருக்குத் தீங்கு செய்யும் நிலைக்கு முற்றிவிட்ட ஓர் ஆசையின் முன் நிற்பவர், வேறு எந்த வழியை ஆராய்வதற்கும் முன்பு, அந்தச் செயலிலிருந்து கையை எடுத்தே ஆக வேண்டும். அந்த அளவில் இதற்கு மாற்று இல்லை.

ஆனால் புராணங்களைப் படிப்பவர் ஓர் உண்மையை மறக்க முடியாது: அசுரர்களைப் போல் தவம் செய்தவர்கள் வேறு யாரும் இல்லை. இரணியகசிபு மந்தர மலைச்சாரலில் கால்விரல் நுனியில் நின்று, கைகளை உயர்த்தி, தன் தசையை எறும்புகள் தின்று புற்று மூடும்வரை நின்றான். உணவு, உறக்கம், உடலின் வலி ஆகிய அனைத்தையும் வென்ற மனிதனாக அவனைக் காண்கிறோம். ஆனால் அந்தத் தவத்துக்கு முன் அவன் கொண்ட எண்ணத்தைப் பாகவதம் சொல்லிவிடுகிறது: வெல்லப்படாதவனாக, மூப்பும் சாவும் இல்லாதவனாக, எதிரி ஒருவனும் இல்லாத ஒரே அரசனாகத் தன்னை ஆக்கிக்கொள்ள விரும்பினான். சிறிய ஆசைகள் அனைத்தையும் அறுத்து, ஒரு பெரிய ஆசைக்கு அவன் எரியூட்டினான். கீதையின் 17ஆம் அத்தியாயமும், ஆடம்பரத்தோடும் அகங்காரத்தோடும் உடலை வதைத்துக் கடுந்தவம் செய்பவர்களை அசுர உறுதி கொண்டவர்கள் என்றே சொல்கிறது. அடக்கம் ஒரு கருவி மட்டுமே என்று இதிலிருந்து அறிகிறோம். அடக்குகிறவன் யார் என்பதை அது மாற்றுவதில்லை.

அறுத்தல் தோற்கும் இன்னொரு விதம் எல்லாருக்கும் தெரிந்ததே. யமுனை நீருக்கடியில் தவமிருந்த சௌபரி முனிவர், மீன்கள் இணைந்து வாழ்வதைக் கண்டு உள்ளம் கலைந்து, மாந்தாதாவின் 50 பெண்களை மணந்தார். தேவி மாகாத்மியத்தில் வரும் இரத்தபீசனை நினைத்தால் இந்தத் தோல்வியின் உருவம் இன்னும் தெளிவாகும். அவனை வெட்ட வெட்ட, தரையில் விழும் ஒவ்வொரு துளி இரத்தத்திலிருந்தும் அவனைப் போலவே ஒருவன் எழுகிறான். வெட்டுவது மட்டும் போதவில்லை. இரத்தம் மண்ணில் விழாமல் காளி அதைப் பருகிய பிறகே அவன் வீழ்ந்தான். ஆசையை வெட்டுகிறவருக்கு, சிந்துவதை ஏற்றுக்கொள்ளும் வேறொரு சக்தியும் வேண்டும் என்றே இந்தக் காட்சியை நான் படிக்கிறேன். திருமூலரின் அறிவுரை பொய் என்பது என் கருத்தன்று. அது பயணத்தின் முடிவில் நிற்பவரின் சொல். தொடக்கத்தில் நிற்பவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஆசையை அறுத்த பெருமை என்ற புதிய ஆசை அவரிடம் குடியேறும்.

நுகர்ந்து தீர்க்கும் வழியைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை, அரசன் யயாதியே சொல்லிவிட்டான். சுக்கிரரின் சாபத்தால் முதுமை அடைந்த அவன், மகன் பூருவின் இளமையை வாங்கிக்கொண்டு ஆயிரம் ஆண்டுகள் நுகர்ந்தபின் கண்ட முடிவு, நெய் ஊற்றிய தீயைப் போல் ஆசை நுகர நுகர வளரும் என்பது. உலகில் உள்ள நெல்லும் பொன்னும் கால்நடையும் பெண்டிரும் ஒருவனுக்கே கிடைத்தாலும் காமத்தால் அடிபட்டவன் மனம் நிறையாது என்றும் அவன் சொல்கிறான். தந்தை நுகர்வதற்காக மகன் கிழவனாக வேண்டியிருந்தது என்பதை நாம் கதையின் போக்கில் கடந்துவிடுகிறோம். பிறரின் வாழ்நாளை உண்ணாமல் இந்த வழியில் நடக்க முடியாது என்பதே இதை விலக்குவதற்குப் போதுமான காரணம்.

வேலியிடும் வழி இவ்விரண்டையும்விட மனிதருக்கு நெருக்கமானது. ‘அறத்துக்கு மாறுபடாத காமமாக உயிர்களிடத்தில் நான் இருக்கிறேன்’ என்று கீதையின் 7ஆம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்கிறான். காமத்தைப் பகை என்று 3ஆம் அத்தியாயத்தில் சொன்ன அதே குரல் இதைச் சொல்வது முரண்பாடன்று. எல்லா ஆசையும் ஒன்றன்று என்ற வேறுபாட்டை அது நிறுவுகிறது. அதே அத்தியாயத்தில் இறைவனை வழிபடுவோர் நான்கு வகையினர் என்றும் வருகிறது: துன்புற்றவர், அறிய விரும்புபவர், பொருளை வேண்டுபவர், ஞானி. ஞானியே மிகவும் உவப்பானவர் என்றாலும் நால்வருமே உயர்ந்தவர்கள் என்று அங்கே சொல்லப்படுகிறது. நோய் நீங்க வேண்டும், பிள்ளை பிழைக்க வேண்டும், கடன் தீர வேண்டும் என்று வேண்டி நிற்பவர் அசுரர் அல்லர் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா? தன் வேண்டுதலைப் பற்றிக் குற்ற உணர்வோடு கோயிலுக்குப் போகிறவர்கள் பலர் உண்டு. அவர்கள் இந்த இடத்தைப் படிக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஆயினும் வேண்டுதலுக்குள் ஒரு வழுக்கல் இருக்கிறது. பாகவதத்தில் வரும் விருகாசுரன் ஏழு நாள் தன் தசையை அறுத்து வேள்வித் தீயில் இட்டுச் சிவனை வேண்டினான். யார் தலையில் கைவைத்தாலும் அவர் மாள வேண்டும் என்ற வரத்தைப் பெற்றதும், கௌரியைக் கவர விரும்பி, அந்தக் கையை வரம் தந்தவரின் தலைமேலேயே வைக்க ஓடினான். கொடுத்தவரைவிடக் கொடுக்கப்பட்டது பெரிதாகிவிடும் தருணம் அது. இரணியகசிபு அழிந்தபின் நரசிங்கம் வரம் கேட்கச் சொன்னபோது, சிறுவன் பிரகலாதன் இந்த வழுக்கலைத்தான் தொட்டான்: ஆண்டவனிடம் நலன்களை எதிர்பார்த்துத் தொண்டு செய்பவன் தொண்டனல்லன், வணிகன் என்றான். கீதை நால்வரையும் உயர்ந்தவர் என்கிறது. பிரகலாதன் வணிகன் என்கிறான். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். வாசலில் நுழைவதற்குக் கீதையின் சொல் அனுமதி தருகிறது, வாசலிலேயே நின்றுவிடாமலிருக்கப் பிரகலாதனின் சொல் தேவைப்படுகிறது.

இனி, திருப்பிவிடும் வழி. பக்தி மரபு தன் உயிரை இதில்தான் வைத்திருக்கிறது. ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்று குறள் இதன் இலக்கணத்தைச் சொல்கிறது: பற்றை விடுவதற்கே இன்னொரு பற்று வேண்டும். ‘அற்றது பற்றெனில் உற்றது வீடு’ என்று தொடங்கும் நம்மாழ்வார், அந்தப் பாசுரத்தை ‘அற்று இறை பற்றே’ என்று முடிக்கிறார். விட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்கச் சொல்லவில்லை. வங்காள வைணவத்தில் கிருஷ்ணதாச கவிராசர், தன் புலன்களை மகிழ்விக்கும் விருப்பம் காமம், கண்ணனின் புலன்களை மகிழ்விக்கும் விருப்பம் பிரேமை என்று பிரித்து, இரண்டும் இரும்பும் பொன்னும் போல் இயல்பிலேயே வேறானவை என்றார். அவருக்கு முன் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரூப கோசுவாமி இன்னும் துணிந்து, போகத்தின் மீதான ஆசையை மட்டுமல்ல, முக்தியின் மீதான ஆசையையும் சேர்த்தே நெஞ்சில் குடியிருக்கும் பிசாசு என்று சொன்னார். வீடுபேற்றை விரும்புவதைக்கூடப் பிசாசு என்று ஒரு பக்தர் சொல்ல முடிகிறதென்றால், ஆசையின் பொருள் எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கொண்டு அவர் அளக்கவில்லை என்பது தெளிவு. யாருக்காக என்பதைக் கொண்டே அளக்கிறார். சேக்கிழாரும் அடியார்களை ‘கூடும் அன்பினில் கும்பிடலே அன்றி வீடும் வேண்டா விறலின் விளங்கினார்’ என்று போற்றியபோது இதே அளவுகோலைத்தான் கையில் வைத்திருந்தார்.

இந்த வழிக்கும் ஆபத்து உண்டு, அதை மறைத்து இதைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. கடவுளை விரும்புவதால் மட்டுமே ஆசை தூய்மையாகிவிடாது. தேவி மாகாத்மியத்தின் அசுர அரசன் சும்பன் விரும்பியது வேறு யாரையும் அல்ல, தேவியையே. அவன் தூதனிடம் சொல்லி அனுப்பிய செய்தி இது: பெண்களுள் நீ இரத்தினம், இரத்தினங்களை நுகர்பவர்கள் நாங்கள், ஆகவே எங்களிடம் வந்துவிடு. பரம்பொருளையே நோக்கி எழுந்த ஆசை அது, ஆனாலும் முழுக்க முழுக்க அசுரமானது. இராவணனும் சிவனிடம் அன்பில்லாதவன் அல்லன். ஆனால் அன்பு கொண்டவன் இருக்கும் மலையையே பெயர்த்தெடுக்க முயன்றான். திருஞானசம்பந்தர் தம் பெரும்பாலான பதிகங்களின் எட்டாம் பாடலில் அவன் விரலடியில் நெரிந்ததையும், பாடி அருள்பெற்றதையும் திரும்பத் திரும்பப் பாடுகிறார். ஒவ்வொரு கோயிலின் முன்னும் இந்த ஒருவனை ஏன் நினைவூட்ட வேண்டும்? அடியார் கூட்டத்துக்குள்ளும் அவன் இருக்கிறான் என்பதாலேயே என்று நான் எண்ணுவதுண்டு. என் தெய்வம், என் குரு, என் கோயில், என் முறையே சரி என்று பேசும்போது நாமும் மலைக்கு அடியில் கைகளை நுழைத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் சும்பனின் ஆசையையும் ஆண்டாளின் ஆசையையும் எது பிரிக்கிறது? வேகத்தில் ஆண்டாள் யாருக்கும் குறைந்தவள் அல்லள். ‘மானிடவர்க்கென்று பேச்சுப்படில் வாழகில்லேன்’ என்று மன்மதனிடமே சொல்லும் உறுதி அவளுடையது. ஆனால் திருப்பாவையின் 30 பாசுரங்களில் அவள் கண்ணனிடம் போகும் விதத்தைப் பாருங்கள். 6 முதல் 15 வரை பத்துப் பாசுரங்களில் அவள் செய்வது உறங்கும் தோழியரை ஒவ்வொருத்தியாக எழுப்புவதுதான். ஒருத்தியைக் கடிந்துகொள்கிறாள், ஒருத்தியிடம் கெஞ்சுகிறாள், எவளையும் விட்டுவிட்டுப் போவதில்லை. தான் அவ்வளவு விரும்பும் ஒருவனிடம் செல்லும்போது, முதலில் போய்ச் சேர வேண்டும், தனியாகப் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு வரவேயில்லை. முடிவில் அவள் கேட்பதும் பன்மையிலேயே வருகிறது: ‘உனக்கே நாம் ஆட்செய்வோம் மற்றை நம் காமங்கள் மாற்று’. அடிமை செய்வதில் தமக்கு உண்டாகும் இன்பத்தையே நோக்காகக் கொள்வதும் அந்த ‘மற்றைக் காமங்களுள்’ ஒன்று என்று வைணவ உரையாசிரியர்கள் இங்கே நுட்பமாக விளக்குவார்கள். நீக்கு என்றோ அழி என்றோ சொல்லாமல் ‘மாற்று’ என்றாள் என்பதில் நான் நெடுநேரம் நின்றதுண்டு.

மாற்றம் என்ற அந்தச் சொல்லுக்குச் சைவ மரபில் ஈடான காட்சி கந்தபுராணத்தின் சூரபன்மன். 108 யுகம் வாழவும் 1008 அண்டங்களை ஆளவும் வரம் பெற்ற அவன், எல்லாம் இழந்த நிலையில் கடல் நடுவே மாமரமாக நின்றான். வேல் அதைப் பிளந்தது. பிளந்த கூறுகள் மயிலும் சேவலுமாகிச் சினந்து எதிர்த்து வந்தபோது, முருகன் அருட்பார்வையால் அவற்றை ஊர்தியும் கொடியுமாக ஏற்றுக்கொண்டான். ‘மாயையின் மகனும் அன்றோ வரம்பிலா அருள்பெற்று உய்ந்தான்’ என்று கச்சியப்பர் வியக்கிறார். உயிரைப் பிணிக்கும் மூன்று மலங்களுள் சூரபன்மனை ஆணவமாகவும், அவன் தம்பியருள் சிங்கமுகனைக் கன்மமாகவும் தாரகனை மாயையாகவும் சைவர்கள் விளக்குவது வழக்கம். தம்பியர் மாண்டுபோக, ஆணவமாகிய சூரன் ஊர்தியாகிறான் என்பது ஆழமான கூற்று. அவனுடைய ஆற்றல் வீணாக்கப்படவில்லை. ஏறி அமர்ந்து செலுத்த வேண்டியவர் அமர்ந்துவிட்டார், அவ்வளவே. அறுத்தலும் மாற்றுதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதும் இங்கே தெரிகிறது, ஏனெனில் வேல் பிளக்காமல் மயில் பிறக்கவில்லை.

இந்த மாற்றம் எல்லாருக்கும் இயலுமா என்ற கேள்வியை விலக்கிவிட முடியாது, தேர்வே அதைப் பொறுத்தது. கீதை ‘அசுர இயல்போடு பிறந்தவர்’ என்ற தொடரைப் பயன்படுத்துகிறது. 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மத்வரின் மரபு, உயிர்களுள் முக்திக்குரியவை, என்றும் பிறவியில் சுழல்பவை, இருளுக்குரியவை என்ற வேறுபாடு இயல்பிலேயே உண்டு என்று கொள்கிறது. சைவ சித்தாந்தமோ, ஆணவம் தொடக்கமில்லாத காலந்தொட்டு உயிரோடு கலந்திருந்தாலும் செம்பில் களிம்பு போன்றது, அது செம்பின் இயல்பன்று என்று சொல்கிறது. முதற்கருத்துக்குப் பின்னே தீமையை எளிதாகக் கரைத்துவிடக் கூடாது என்ற கவலை இருப்பதை மதிக்கிறேன். ஆனாலும் என் மனம் களிம்பு உவமையின் பக்கமே சாய்கிறது. விரோசனனின் தந்தை பிரகலாதன், விரோசனனின் மகன் மாவலி என்ற வமிச வரிசையே பிறப்பு எதையும் முடிவுசெய்வதில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்பவன் தன்னை அழிக்க வந்தவன் என்று குரு எச்சரித்தும், சபித்தும், சொன்ன சொல் தவறாமல் மூன்றடியைக் கொடுத்த மாவலியை, பிறப்பால் அசுரன் என்பதற்காக அசுர ஆசையின் எடுத்துக்காட்டாக யாரும் சொல்ல மாட்டார்கள். மறுபுறம் அகலிகையின் முன் நின்றவன் தேவர்களின் அரசன்.

பகையின் வழியே இறைவனை அடைவதைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். சிசுபாலன் வெறுப்பால் கண்ணனை இடைவிடாமல் நினைத்து ஒளியாய் அவனுள் கலந்தான் என்றும், பகை தரும் ஒன்றிய நினைவை பக்தியும் தராது என்றும் பாகவதத்தில் நாரதர் சொல்வது உண்மை. அது இறைவனின் அருள் எவ்வளவு தூரம் எட்டும் என்பதைக் காட்டும் இடம். நாம் தேர்ந்தெடுக்கும் வழியாக அதைக் கொள்ள முடியாது, பகையைப் பயிற்சியாக மேற்கொள்பவன் பகைப்பது இறைவனை அன்று, பக்கத்தில் இருக்கும் மனிதரைத்தான்.

ஆகவே தேர்வைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறரைக் காயப்படுத்தும் விளிம்பில் நிற்பவர் முதலில் அறுக்கட்டும், செயலை நிறுத்தட்டும். அது முழு மருந்தன்று என்று அறிந்தே செய்யட்டும். துன்பத்தில் இருப்பவர் தம் வேண்டுதலை வெட்கமின்றி இறைவன்முன் வைக்கட்டும், அறத்தின் வேலி அவருக்குப் போதும். நெடுநாள் நடக்க விரும்புபவர் திருப்பிவிடும் வழியையே தேர வேண்டும் என்று நம்புகிறேன். அதில்தான் ஆசையின் ஆற்றல் வீணாகாமல் அதன் நோய் தீர்கிறது. ஆனால் பிரஜாபதி அசுரர்களுக்குச் சொன்ன அந்த ஓரெழுத்தை உடன் வைத்துக்கொள்ளாமல் அந்த வழியில் இறங்கக் கூடாது. தம் பக்தி வளர்கிறதா என்று அறிய விரும்புபவர், பூசையில் எத்தனை கண்ணீர் வந்தது என்று பார்ப்பதைவிட, வீட்டில் உடன் இருப்பவரின் களைப்பு தம் கண்ணில் படுகிறதா என்று பார்ப்பது நல்லது. படவில்லை என்றால், அந்தக் கண்ணீரை விரோசனன் நீர்க்கலத்தில் பார்த்த பிம்பத்தோடு சேர்த்து எண்ண வேண்டியிருக்கும்.

இதை நான் பிரகலாதனிடமிருந்தே கற்றேன். ஞானியர் தம் வீடுபேற்றுக்காகக் காட்டில் தனித்து மௌனம் காக்கிறார்கள், இந்த எளியவர்களை விட்டுவிட்டு நான் ஒருவன் மட்டும் விடுதலை பெற விரும்பவில்லை என்று அவன் நரசிங்கத்திடம் சொல்கிறான். வரம் கேள் என்று மீண்டும் வற்புறுத்தப்பட்டபோது, தன் நெஞ்சில் ஆசை முளைக்காமலே இருக்க வேண்டும் என்பதையே வரமாகக் கேட்கிறான். அதைக் கேட்ட சிறிது நேரத்திலேயே இன்னொன்றையும் கேட்கிறான்: உம்மை வெறுத்த என் தந்தை தூய்மை அடைய வேண்டும். தன்னை யானைக்கு முன் தள்ளியவன், நஞ்சூட்டியவன், மலையிலிருந்து உருட்டியவன் அந்தத் தந்தை. ஆசையே முளைக்கக் கூடாது என்று கேட்ட நெஞ்சில் இந்த ஆசை முளைத்திருந்தது. நரசிங்கமும் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. உன் தந்தை 21 தலைமுறையோடு தூய்மை அடைந்தான் என்றார்.